புயல் நாளுக்கு எந்த சோலார்? ஆன்-கிரிட், ஹைப்ரிட், பழைய இன்வெர்ட்டரோடு இரண்டு பேனல்: ஓர் ஒப்பீடு

பேட்டரி இல்லாமல் நேராக ஈபி லைனோடு இணையும் ஆன்-கிரிட் சோலார் போட்ட வீட்டில் கரண்ட் போனால் சோலாரும் போய்விடும். உச்சி வெயில் அடித்தாலும், மாடியில் ஆறு பேனல் வரிசையாக நின்றாலும் ஒரு பல்பு எரியாது. மானியம் வாங்கி 3 கிலோவாட் போட்ட பலர் இதை முதல் நீண்ட மின்தடையின்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். விற்றவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். வாங்கியவர் கரண்ட் பில் எவ்வளவு குறையும் என்று கேட்டிருப்பார், அதற்கு மட்டும் பதில் கிடைத்திருக்கும்.

பில்லுக்குப் போடும் சோலாரும் ஆபத்துக்குப் போடும் சோலாரும் கணக்கில் ஒன்றுக்கொன்று எதிர். பில்லுக்கு என்றால் ஆண்டு முழுவதும் சேர்த்து எத்தனை யூனிட் வரும் என்று பார்த்தால் போதும். ஆபத்துக்கு என்றால் நவம்பர், டிசம்பரில் வானம் மூடிக் கிடக்கும் இரண்டு மூன்று நாட்களில் என்ன வரும் என்று பார்க்க வேண்டும். தமிழகக் கடலோரத்துக்கு இந்த இரண்டாவது கணக்கு வெறும் கற்பனை இல்லை. 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைத் தாக்கியபோது பல பகுதிகளில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2018 நவம்பர் 16-ல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. டெல்டா கிராமங்கள் சில வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பர் மிக்ஜாம் வேறு வகை. சென்னையில் கம்பம் விழுந்ததைவிடத் தண்ணீர் நின்றதுதான் பிரச்சினை. பில்லர் பாக்ஸ் எனும் தெருவோர மின்பெட்டி மூழ்கிய தெருக்களில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தி வைத்தார்கள்.

உங்கள் ஊருக்கு வரக்கூடியது காற்றா, வெள்ளமா என்பதைப் பொறுத்து எதை வாங்குவது என்பதும் மாறும், அதை எங்கே வைப்பது என்பதும் மாறும்.

எவ்வளவு வேண்டும்?

பேனல் விலை கேட்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டிய கணக்கு இது. நான்கு பேர் உள்ள வீடு, புயலுக்கு மறுநாள். குறைந்த கரண்ட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, ஒன்று 30 வாட், 12 மணி நேரம்: 720 வாட்-ஹவர். 9 வாட் எல்.இ.டி. நான்கு, ஆறு மணி நேரம்: 216. நான்கு செல்போன்: சுமார் 60. வைஃபை ரவுட்டர் அரை நாள் ஓடினால் 120. கூட்டினால் ஒரு யூனிட்டுக்குச் (1,000 வாட்-ஹவர்) சற்று மேல், அதாவது 1.1 யூனிட். இது சொகுசான பட்டியல் இல்லை, ஆனால் குழந்தையும் முதியவரும் உள்ள வீடு தாக்குப்பிடிக்கும் பட்டியல்.

இதே வீட்டில் பழைய 75 வாட் ஃபேன் இரண்டு ஓடினால் ஃபேனுக்கு மட்டும் 1.8 யூனிட். ஆகவே ஆபத்துக்கால சோலாரில் முதல் செலவு பேனல் அல்ல, இரண்டு பி.எல்.டி.சி. ஃபேன். அதே பேட்டரி ஓர் இரவுக்குப் பதில் இரண்டு இரவு வரும். சோலார் கடைக்காரர் யாரும் இதை முதலில் சொல்வதில்லை, ஏனென்றால் அவர் ஃபேன் விற்பதில்லை.

ஃபிரிட்ஜைச் சேர்த்தால் நாளுக்கு இன்னொரு யூனிட் வரை கூடும். மிக்சி, டிவி எல்லாம் சில்லறை. பிரச்சினை தண்ணீர் மோட்டார்தான், அதற்குத் தனியாக வருவோம்.

இப்போது வரவு. தமிழகத்தில் 1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். வானம் முழுக்க மூடிய மழை நாளில் அதில் ஐந்தில் ஒரு பங்கு வந்தால் பெரிது, சில நாள் பத்தில் ஒரு பங்குதான். புயல் கரையைக் கடக்கும் நாளில் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பேட்டரி மட்டுமே துணை. கடந்து ஓரிரு நாளில் வானம் வெளுத்துவிட்டால் பேனல் தன் வேலையைக் காட்டும். கஜாவைப் போல வாரக்கணக்கில் நீளும் தடையில் பேட்டரி மட்டும் உள்ள வீட்டுக்கும் பேனலும் உள்ள வீட்டுக்கும் வித்தியாசம் மூன்றாம் நாளிலிருந்துதான் தெரியும்.

ஆன்-கிரிட்: பில்லுக்கு நல்லது, புயலுக்கு இல்லை

ஈபி லைனில் மின்னழுத்தம் இல்லாவிட்டால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் உடனே நின்றுவிட வேண்டும் என்பது விதி. அறுந்த லைனைச் சரிசெய்யும் லைன்மேன் கையில் நம் மாடியிலிருந்து போகும் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது. இதை ஏமாற்றி ஓட்ட வழி தேடுபவர்கள் உண்டு. பழைய ஹோம் யூபிஎஸ்ஸின் அவுட்புட்டை ஆன்-கிரிட் இன்வெர்ட்டருக்குக் காட்டி ‘கரண்ட் இருக்கிறது’ என்று நம்ப வைப்பது ஒரு ‘டெக்னிக்’காகவே சொல்லப்படுகிறது. செய்யாதீர்கள். வீட்டில் செலவாகாத சோலார் கரண்ட் யூபிஎஸ்ஸுக்குள் தலைகீழாகப் புகும். அதைத் தாங்கும்படி அந்த யூபிஎஸ் வடிவமைக்கப்படவில்லை. பவர் போர்டு எரியும், அல்லது பேட்டரி கட்டுப்பாடில்லாமல் சார்ஜ் ஆகும்.

மானியக் கணக்கு இது: பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. மாதாமாதம் பில் எகிறும் வீட்டுக்கு இது லாபமான முதலீடு. ஆனால் புயலுக்கு என்று நினைத்து இதை வாங்க வேண்டாம்.

இருக்கும் இன்வெர்ட்டரோடு இரண்டு பேனல்

தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகளில் ஏற்கெனவே ஒரு 900 விஏ இன்வெர்ட்டரும் 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரியும் இருக்கின்றன. 2012 சமயத்து மின்வெட்டுக் காலம் விட்டுச்சென்ற பழக்கம் அது. நம் கணக்கில் பெரும்பாலான வீடுகளுக்குக் கொடுக்கும் காசுக்கு அதிகப் பயன் தருவது இந்த வழிதான்: அந்த இன்வெர்ட்டரைத் தொடாமல், பேட்டரியோடு இரண்டு பேனலும், பேனல் கரண்ட்டை அளவாகப் பேட்டரிக்குள் விடும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலரும் சேர்ப்பது. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், ஸ்டாண்டு, கேபிள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி முடியும்.

இந்த முறை மேல் சொல்லப்படும் வழக்கமான குறை, பகலில் ஈபி கரண்ட்டே பேட்டரியை நிரப்பிவிடும், சூரியன் சும்மா காயும் என்பது. பில்லை மனதில் வைத்தால் அது நியாயமான குறை. புயலை மனதில் வைத்தால் அதுவே வசதி. ஈபி இருக்கும்வரை பேட்டரி எப்போதும் நிறைந்திருக்கும், ஈபி போன நிமிடத்திலிருந்து பேனல் வேலைக்கு வரும். இதைத் ‘தீர்க்க’ விற்கப்படும் சோலார் மேனேஜ்மென்ட் யூனிட் என்ற பெட்டி ஈபி சார்ஜிங்கைப் பகலில் துண்டித்துப் பேட்டரியைப் பாதியில் வைத்திருக்கக்கூடும். ஆபத்துக்காகப் போடுபவருக்கு அந்தப் பெட்டி தேவையில்லை.

முதலில் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். முழுதாக நிரப்பி, மெயினை ஆஃப் செய்து, 100 வாட் லோடு ஒன்றை ஓடவிடுங்கள். 150 ஏஎச் பேட்டரி பேப்பரில் 1.8 யூனிட். எண்பது சதவீதம் வரை இறக்கி, இன்வெர்ட்டர் தின்பதைக் கழித்தால் கையில் வருவது 1.1, 1.2 யூனிட்தான். ஆகவே 100 வாட்டைச் சுமார் பத்து மணி நேரம் தள்ள வேண்டும். ஐந்து மணி நேரத்திலேயே அலாரம் அடித்தால் பேட்டரி பாதி போய்விட்டது, பேனல் போட்டு அது திரும்பாது. பேட்டரி அடிக்கடி எண்பது சதவீதம் வரை இறங்கினால் ஆயுள் குறையும். ஆண்டில் நான்கு நாள் புயலுக்கு இறங்குவதால் ஒன்றும் ஆகாது.

அடுத்து கன்ட்ரோலர். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். இன்று கடையில் கிடைக்கும் 540 வாட் பேனல் வேலை செய்வது 41 வோல்ட், 13 ஆம்ப் அளவில். மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் அந்த 41 வோல்ட்டைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு அப்படியே இழுத்து இறக்கிவிடும், ஆம்ப் மட்டும் அதே 13. பதின்மூன்றைப் பதின்மூன்றால் பெருக்கினால் 169 வாட். 540-க்குக் காசு கொடுத்து 170 வாட் வாங்கிய கதை. எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் வோல்ட்டை இறக்கும்போது ஆம்ப்பை ஏற்றிக் கொடுக்கும். பெட்டியின் மேல் எம்.பி.பி.டி. என்று ஸ்டிக்கர் ஒட்டிய பி.டபிள்யூ.எம்.களும் சந்தையில் உலவுகின்றன. வெயிலில் பேனல் பக்க வோல்ட்டேஜை மீட்டரில் பாருங்கள்: பேட்டரி நிறையாதபோதும் அது 14-க்கே ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம்.

ஒரு பேட்டரிக்கு எதற்கு இரண்டு பேனல்? 150 ஏஎச் ட்யூபுலர் பேட்டரி வசதியாக வாங்குவது 15 முதல் 20 ஆம்ப். நல்ல வெயிலில் ஒரு 540 வாட் பேனலே 35 ஆம்ப்புக்கு மேல் தள்ளும். ஆனால் நாம் கணக்குப் போடுவது மேகமூட்டத்துக்கு. இரண்டு பேனல் சேர்ந்தால் 1,080 வாட், அதில் ஐந்தில் ஒரு பங்கு 216 வாட், பேட்டரி பக்கத்தில் சுமார் 15 ஆம்ப். பேட்டரி கேட்பதும் அதுவே. வெயில் நாளில் மிஞ்சுவதைக் கன்ட்ரோலரின் செட்டிங்கில் 20 ஆம்ப்பாகக் கட்டிவிடலாம். பகலில் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும் என்றால் 25 வைக்கலாம். இந்த அளவைக் குறைக்க வசதி இல்லாத கன்ட்ரோலரை வாங்காதீர்கள். இரண்டு பேனலும் பேரலல் இணைப்பில்தான் வர வேண்டும். ஒரு பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜ், அதாவது லோடு இல்லாதபோது வருவது, சுமார் 50, சீரிஸில் போட்டால் 100. பல கன்ட்ரோலர்களின் உச்ச வரம்பும் 100 வோல்ட்தான். காலைக் குளிரில் அந்த அளவு இன்னும் சற்று ஏறும், கன்ட்ரோலர் கருகும்.

கேபிளில் எங்கே கஞ்சத்தனம் கூடாது என்றும் தெரிந்திருக்க வேண்டும். மாடியிலிருந்து இறங்கும் கேபிளில் 41 வோல்ட்டில் 26 ஆம்ப் ஓடும். பேனலுக்குத் தனித்தனி ஜோடியாக 6 சதுர மி.மீ. சோலார் கேபிள் இறக்கினால் 20 மீட்டருக்கு நான்கு சதவீத இழப்போடு போகும். கன்ட்ரோலரை மாடியில் வைத்து 12 வோல்ட்டைக் கீழே இறக்கினால் அதே தூரத்தில் பாதி வழியிலேயே சக்தி சூடாகிக் காணாமல் போகும். ஆகவே கன்ட்ரோலர் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும், இடையில் 10 சதுர மி.மீ. காப்பர், பேட்டரி டெர்மினலுக்கு ஒரு சாண் தூரத்தில் ஃப்யூஸ். இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். வரிசை மாறினால் சில கன்ட்ரோலர்கள் 12 வோல்ட் சிஸ்டமா 24-ஆ என்று குழம்பிவிடும், சில அந்த இடத்திலேயே போய்விடும். சுவிட்ச் போர்டில் உள்ள சாதாரண ஏசி எம்.சி.பி.யை டிசி பக்கம் போடும் எலக்ட்ரீஷியனிடம் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். டிசியில் எழும் தீப்பொறி தானாக அணையாது, அந்த எம்.சி.பி. உருகும்வரை எரியும். பேனல் கனெக்டர்கள் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும். வெவ்வேறு கம்பெனி கனெக்டர் உள்ளே போகும், ‘டக்’ என்றும் பூட்டும், ஆனால் உள்ளே சரியாகப் பொருந்தாமல் சூடாகி ஆறு மாதத்தில் கருகி நிற்கும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபிரிட்ஜ் போடக் கூடாது, கம்ப்ரஸர் சூடாகும். ப்யூர் சைன் வேவாக இருந்தாலும் 900 விஏ-வில் சாதாரண ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகும்போது ஓவர்லோடு காட்டலாம். பேட்டரியை லித்தியத்துக்கு மாற்ற நினைத்தால் இன்வெர்ட்டரில் லித்தியம் மோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாற்றுங்கள். ட்யூபுலருக்கான சார்ஜிங் முறையில் லித்தியம் பேட்டரி சரியாக நிறையாது, அல்லது அதன் பாதுகாப்புச் சர்க்யூட் அடிக்கடி துண்டித்துக்கொள்ளும்.

ஹைப்ரிட்: காசு இருந்தால், அல்லது மருத்துவக் காரணம் இருந்தால்

பில்லும் குறைய வேண்டும், புயலிலும் ஓட வேண்டும் என்றால் ஈபி லைனோடும் பேட்டரியோடும் சேர்ந்து ஓடும் ஹைப்ரிட் ஒன்றுதான் வழி. 3 கிலோவாட் பேனல், 5 கிலோவாட் இன்வெர்ட்டர், 48 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி என்பது சராசரி வீட்டுக்கான அளவு. பேட்டரியில் 5 யூனிட் இருக்கும், நான்கரை வரை எடுக்கலாம். ஈபியோடு இணைந்த ஹைப்ரிட்டின் பேனல் பகுதிக்கு மானியம் உண்டு, பேட்டரி செலவு முழுக்க நம்முடையது. மொத்தத்தில் முந்தைய வழியைப் போல ஆறேழு மடங்கு செலவு.

அந்தச் செலவு நியாயப்படும் வீடுகள் உண்டு. 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், ஒரு நாள் முழுதும் ஓடினால் 7, 8 யூனிட். 150 ஏஎச் பேட்டரி அதற்கு மூன்று மணி நேரம்தான். ஹைப்ரிட்டும்கூட மேகமூட்ட நாளில் அதைத் தனியாகத் தாங்காது, கூடவே நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டர் இருக்க வேண்டும். இன்சுலினுக்காக மட்டும் ஹைப்ரிட் வாங்க நினைப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் வகைகள் பலவும் 30 டிகிரிக்குள் சில வாரம் வெளியில் தாங்கும், பேனா உறையில் அந்தக் கணக்கு அச்சிட்டிருக்கும்.

ஹைப்ரிட் வைத்திருந்தும் இருட்டில் உட்கார நேர்வதற்கு மூன்று காரணங்கள்.

ஒன்று, செட்டிங். பில் மிச்சம் பிடிக்கும் மோடில் இன்வெர்ட்டர் தினமும் மாலையில் பேட்டரியிலிருந்து வீட்டை ஓட்டி, நள்ளிரவில் பத்து இருபது சதவீதத்தில் விட்டுவிடும். புயல் ராத்திரியிலும் வந்து நிற்கலாம். வானிலை மையம் எச்சரிக்கை விட்ட அன்றே மோடை பேக்கப்புக்கு மாற்றி, ஈபியிலிருந்தே நூறு சதவீதம் ஏற்றி வைக்க வேண்டும். மழைக்காலம் முழுவதும் ரிசர்வை 60, 70 சதவீதத்தில் நிறுத்தி வைப்பது இன்னும் நிம்மதி. பில்லில் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. இந்த மாற்றத்தை செல்போன் ஆப்பில் மட்டுமில்லாமல் இன்வெர்ட்டரின் பட்டனிலேயே செய்யத் தெரிந்திருக்க வேண்டும். புயலில் முதலில் போவது இன்டர்நெட்.

இரண்டாவது, இன்வெர்ட்டர் தானே தின்னும் கரண்ட். 5 கிலோவாட் ஹைப்ரிட் ஒன்று லோடே இல்லாமல் சும்மா ஓட 40 முதல் 60 வாட் எடுக்கும். ஒரு நாளுக்கு ஒரு யூனிட்டை ஒட்டி, அல்லது அதற்கு மேல். மூடிய வானத்தில் 3 கிலோவாட் பேனல் இரண்டரை யூனிட் தருகிறது என்றால் அதில் பாதியை இன்வெர்ட்டரே சாப்பிட்டுவிடும். பெரிய சிஸ்டம் என்றால் மேகமூட்டத்தில் பெரிய நிம்மதி என்பது அவ்வளவு நேரடியான கணக்கு இல்லை. எல்லாரும் தூங்கிய பின் ஃபேனும் தேவைப்படாத குளிர் இரவில் அதை அணைத்து வைப்பது தப்பில்லை.

மூன்றாவதுதான் ரொம்பக் கசப்பானது. பேட்டரி அடிமட்டத்துக்குப் போய் அதன் பாதுகாப்புச் சர்க்யூட் துண்டித்துக்கொண்டால், மறுநாள் வெயில் அடித்தாலும் சில மாடல் ஹைப்ரிட்கள் எழாது. அவை கண்விழிக்க ஈபியோ பேட்டரியோ வேண்டும், பேனல் மட்டும் போதாது. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி: “பேட்டரி முழுசா செத்து, ஈபியும் இல்லைன்னா, வெயில்ல தானா ஸ்டார்ட் ஆகுமா?” பதில் தெளிவாக வராவிட்டால் வேறு மாடல் பாருங்கள். இருப்பவர்கள் 20 சதவீதத்தில் கையால் அணைத்துவிடும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

த்ரீ ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் சிங்கிள் ஃபேஸ் ஹைப்ரிட்டின் பேக்கப் அவுட்புட் தனி டிபி (மின் விநியோகப் பெட்டி) வழியாக அத்தியாவசிய லோடுகளுக்கு மட்டும் போக வேண்டும். அந்த லைனின் நியூட்ரல் மற்ற லைன் நியூட்ரலோடு எங்கேயாவது கலந்திருந்தால் கரண்ட் கசிந்தால் விழும் பாதுகாப்பு ஸ்விட்சான ஆர்.சி.சி.பி. காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். பழைய வீடுகளில் சுவிட்ச் பாக்ஸுக்குள் நியூட்ரல்களை முறுக்கி ஒன்றாக்கியிருப்பது சகஜம், அதைப் பிரிப்பதற்கே ஒரு நாள் வேலை ஆகும்.

தண்ணீர் மோட்டாரும் ஜெனரேட்டரும்

ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது எடுப்பது ஒரு கிலோவாட்டை ஒட்டி. சம்ப்பிலிருந்து ஆயிரம் லிட்டர் டேங்கை நிரப்ப அரை மணி நேரம், ஆக அரை யூனிட்தான். பேட்டரியில் அது இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஓட்டக் கரண்ட்டைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் பெரிய இன்வெர்ட்டர் தேவைப்படுகிறது. ஒரு நாளில் அரை மணி நேர வேலைக்காக லட்சக்கணக்கில் கூட்டிக் கொடுப்பது வீண்.

எச்சரிக்கை வந்ததும் மேல் டேங்க், சம்ப், டிரம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பி வைப்பது முதல் வழி. ஆளுக்கு 50 லிட்டர் என்று சிக்கனம் பிடித்தால் ஆயிரம் லிட்டர் நான்கு பேருக்கு ஐந்து நாள். நிறைந்த டேங்க் காற்றில் பறக்கவும் பறக்காது. தடை அதற்கும் மேல் நீண்டால் 3 கேவிஏ அளவில் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரைத் தெருவுக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொள்வது சோலாரைவிட மலிவு. போர்வெல் சப்மெர்சிபிள் என்றால் இதைத் தவிர வேறு வழியும் அதிகம் இல்லை.

வீட்டையே ஜெனரேட்டரில் ஓட்டுவது வேறு கதை. அந்த அளவு ஜெனரேட்டர் லோடோடு மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டிப் பெட்ரோல் குடிக்கும். புயலுக்கு மறுநாள் பங்க் திறந்திருந்தால்தான் பெட்ரோல், திறந்திருந்தாலும் வரிசை. வருஷம் முழுக்க ஓரமாகக் கிடந்த ஜெனரேட்டரின் கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்து, தேவைப்படும் நாளில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் அசையாது. மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட்டி, பெட்ரோல் வால்வை மூடி, தானாக நின்றுபோகும்வரை விட வேண்டும். மழை பெய்கிறதே என்று வராந்தாவிலோ மாடிப்படிக்குக் கீழேயோ வைத்து ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் புகும், வாசனையே தெரியாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். வீட்டு ஒயரிங்கில் கொடுப்பதாக இருந்தால் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் கொடுக்கக் கூடாது, காரணம் மேலே சொன்ன அதே லைன்மேன்.

வாடகை வீடு, ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் மேலே எதையும் நிரந்தரமாக ஏற்ற வேண்டாம். 100 வாட் 12 வோல்ட் பேனல் ஒன்று, 12 வோல்ட் 50 ஏஎச் லித்தியம் பேட்டரி, ஒரு டிசி டேபிள் ஃபேன், இரண்டு டிசி பல்பு, யூஎஸ்பி சார்ஜர். இந்த 100 வாட் பேனல் 18 வோல்ட்டில் வேலை செய்வது, ஆகவே இங்கே மட்டும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரே போதும், லித்தியம் செட்டிங் இருக்க வேண்டும். காற்று வரும்போது உள்ளே எடுத்து வைத்து, ஓய்ந்ததும் வாசலில் சாய்த்து வைக்கலாம்.

காற்றும் வெள்ளமும்

கட்டடங்கள் மேல் விழும் காற்று விசைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். வேகத்தை வேகத்தால் பெருக்கி 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். ஒரு 540 வாட் பேனலின் பரப்பு சுமார் 2.6 சதுர மீட்டர், எடை 28 கிலோ. முழுப் பரப்பிலும் அந்த அழுத்தம் விழுந்தால் கிட்டத்தட்ட 400 கிலோ தூக்கலைத் தாங்க வேண்டும். காங்கிரீட் கல் நான்கை வைத்து நிறுத்திய ஸ்டாண்டு என்ன ஆகும் என்று இதிலிருந்து தெரியும். அடியில் துணி காயப்போட வசதியாக எட்டடி உயரத்தில் தூக்கிக் கட்டும் ஸ்டாண்டு பார்க்க அழகு, ஆனால் காற்று அதன் அடியில் முழுசாகப் புகும். கடலோர மாவட்டங்களில் கால் அடித்தளம் ஸ்லாபின் கம்பியோடோ பீமோடோ சேராமல் அப்படிக் கட்டக் கூடாது. சாய்வு 10 முதல் 15 டிகிரி, முகம் தெற்கு, உயரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஹாட் டிப் கால்வனைஸ் செய்த இரும்பு, ஸ்டெயின்லெஸ் போல்ட். ஸ்டாண்டு முழுக்க செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூவில் நின்றால் உப்புக் காற்றில் மூன்றாவது மழைக்காலத்தைப் பார்ப்பது சந்தேகம்.

இரண்டு பேனல் வழிக்கு இங்கேயும் ஒரு சாதகம் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. இரண்டு பேர் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். முதலில் கன்ட்ரோலர் பக்கத்தில் டிசி ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டு, பிறகு கனெக்டரைப் பிரிக்க வேண்டும். கரண்ட் ஓடும்போது பிரித்தால் கையிலேயே பொறி பறக்கும். காற்று எழுவதற்கு முந்தைய நாளே செய்யுங்கள், 28 கிலோ கண்ணாடிப் பலகையைத் தூக்கிக்கொண்டு காற்றில் மாடிப்படி இறங்கக் கூடாது. ஆறு பேனல் உள்ளவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் கிளாம்ப்களை இறுக்கி, மாடியில் கிடக்கும் பூந்தொட்டி, தகரம், டேங்க் மூடி, உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். காற்றில் பறந்து வரும் பொருளே பேனலுக்குப் பெரிய எமன்.

வெள்ளம் வரும் பகுதியில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் மாடிப்படிக்கு அடியில் இருந்தால் மற்ற எல்லாக் கணக்கும் வீண். 2015-லோ 2023-லோ வீட்டில் தண்ணீர் நின்ற கோடு சுவரில் தெரியும், அதற்கு இரண்டடி மேலே ஆங்கிள் ஸ்டாண்டு அடியுங்கள். ட்யூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவைத் தாண்டும், ஸ்டாண்டைச் சுவரில் மட்டும் தொங்கவிடாமல் தரையில் கால் ஊன்ற வேண்டும். பேனல் இருக்கும் வீட்டில் ஈபி மெயினை அணைத்துவிட்டால் எல்லாம் அணைந்தது என்று நினைக்க வேண்டாம். வெளிச்சம் இருக்கும்வரை மாடியிலிருந்து வரும் டிசி கேபிளில் உயிர் உண்டு. ஹைப்ரிட், ஆன்-கிரிட் சிஸ்டங்களில் அது பல நூறு வோல்ட்டாகக்கூட இருக்கும். அந்த கேபிளைத் துண்டிக்கும் ஸ்விட்சான டிசி ஐசொலேட்டரைத் தண்ணீர் ஏறுமுன் திருப்பிவிட வேண்டும், அது தரைத்தளத்தில் இல்லாமல் மாடியில் இருப்பது உத்தமம். ஒரு முறை மூழ்கிய லித்தியம் பேட்டரியைக் காய வைத்துப் போட்டுப் பார்க்கக் கூடாது. காற்றோட்டமான வெளியிடத்தில் தள்ளி வைத்து, விற்றவரைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் திரும்பி வரும் நேரத்திலும் ஒரு கண்டம் உண்டு. அவசரத்தில் இழுத்துக் கட்டிய லைனில் நியூட்ரல் சரியாகச் சேராமல் இருந்தால், 230 வர வேண்டிய இடத்தில் 300-க்கு மேல் வந்து நிற்கும். அதில் முதலில் போவது இத்தனை நாள் வீட்டைக் காப்பாற்றிய இன்வெர்ட்டர்தான். தடை நீளும் என்று தெரிந்ததும் மெயினை அணைத்து, இன்வெர்ட்டருக்குள் போகும் ஈபி எம்.சி.பி.யையும் இறக்கி வையுங்கள். தெரு விளக்கு எரிந்ததும் ஓடிப்போய் ஏற்ற வேண்டாம். பல வீடுகளில் மெயின் அருகே ஒரு வோல்ட் மீட்டர் இருக்கும், இல்லாவிட்டால் ஐநூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். மெயினில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250-க்குள் பத்து நிமிடம் ஆடாமல் நின்றால் மெயினை ஏற்றி, ஃபிரிட்ஜைப் போடுவதற்கு முன் ஒரு பழைய குண்டு பல்பைப் போட்டுப் பார்த்து, பிறகு இன்வெர்ட்டரின் எம்.சி.பி.யை ஏற்றுங்கள்.